ஸ்ஸ்ஸ்... இந்த சத்தத்தை என்னதான் பண்றது

வாய்ஸ் ரெக்கார்ட் பண்றவங்க எல்லாருக்கும் இந்த தலைவலி வரும். குரல் நல்லா இருக்கும், சுருதியும் நிக்கும், ஆனா ஒவ்வொரு "ஸ்" வரும்போதும் ஹெட்போன்ல காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கும். உடனே எல்லாரும் டி-எஸ்ஸரை (ஸ் சத்தத்தை மட்டும் தானா அமுக்குற கருவி) தேடி ஓடுவாங்க, என்னைக் கேட்டா அது கடைசியா தொட வேண்டிய சாமான்.

ஸ் சொல்றப்ப குரல்நாண் அதிராது. நாக்குக்கும் மேல்பல்லுக்குப் பின்னாடி இருக்கிற மேட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன சந்து, அது வழியா காத்து பீச்சி அடிச்சு பல்லுல மோதுது, அவ்ளோதான், வெறும் இரைச்சல். சுருதியே கிடையாது, அதனால பாடுறப்ப உயிரெழுத்துலயே நின்னுட்டு ஸ்-ஐ கடைசி நொடியில சுருக்கா முடிச்சிடணும். கோரஸ்னா இன்னும் மோசம், ஆளாளுக்கு ஒரு நேரத்துல ஸ் விட்டா பாம்பு புத்துதான், ரெண்டு பேர் மட்டும் சொல்லிட்டு மத்தவங்க முழுங்கிட்டா யாருக்கும் தெரியாது.

இந்த இரைச்சல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலதான் இருக்கும். (பழைய போன் லைன் 3400லயே வெட்டிடும், அதான் அதுல ஸ்-உம் ஃப்-உம் ஒண்ணு போல கேக்கும்.) நிறைய கண்டென்சர் மைக் அந்த ஏரியாவையே தூக்கிக் காட்டுற மாதிரி செஞ்சிருப்பாங்க. மைக்கை வாய்க்கு நேரா வைக்காம லேசா திருப்பி, கொஞ்சம் தள்ளி வச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. மைக் முன்னாடி வைக்கிற வலை, அதாவது பாப் ஃபில்டர், "ப" மாதிரி காத்து அடிக்கிற எழுத்துக்குத்தான், ஸ்-க்கு பெருசா உதவாது.

நிறைய பேர் கவனிக்காம விடுறது கம்ப்ரஸர், அதாவது சத்தமான இடத்தை தானா அமுக்குற கருவி. உயிரெழுத்து சத்தமா இருக்கிறதால அதைப் பிடிச்சு அமுக்கும், ஸ் லெவல் கம்மிங்கிறதால தப்பிச்சிடும், அப்புறம் நீங்க மொத்தமா வால்யூமை ஏத்துவீங்க, ஸ் மட்டும் தலைக்கு மேல வந்து நிக்கும். கம்ப்ரஸரை கொஞ்சம் தளர்த்திட்டு வேவ்ஃபார்மை (ஸ்க்ரீன்ல தெரியுற ஒலி அலையோட படம்) பெருசாக்கி பாருங்க, ஸ் வர்ற இடம் நெருக்கமா அடைச்ச மாதிரி தனியா தெரியும், அந்த துண்டை மட்டும் கையால 4, 5 டெசிபல் இறக்குங்க. போரான வேலைதான், ஆனா டி-எஸ்ஸரை அழுத்தி போட்டா பாடுறவங்க நாக்கு தட்டையான மாதிரி "த்" "த்"னு கேக்குமே, அந்த கொடுமை இருக்காது.

இவ்ளோ பண்ணியும் குத்துதுன்னா ரிவர்பை (குரலுக்கு எதிரொலி மாதிரி சேர்க்குற எஃபெக்ட்) மியூட் பண்ணி கேளுங்க. பல நேரம் குத்துறது குரல் இல்ல, ரிவர்புக்குள்ள போன ஸ் நீண்டுகிட்டே போறதுதான். அப்போ ரிவர்புக்கு போற சிக்னல்ல மட்டும் டி-எஸ்ஸர் போடுங்க, அங்க எவ்ளோ வேணா அழுத்தலாம், குரல் கெடாது.