சாவி என்னிடம் இருந்த ஏழு வருடம்

எங்கள் பௌத்த தியானக் குழுவுக்குப் பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு உட்காருகிறவர்கள், அவ்வளவுதான். அதிகமாக வந்த நாளில் பதினொரு பேர். குறைவாக வந்த நாளில் ஒரே ஒருவர், அது நான். அன்றைக்கும் தொடக்கத்தில் மூன்று தடவை, முடிவில் ஒரு தடவை என்று ஒழுங்காக மணி அடித்தேன். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

அறையின் சாவி ஏழு வருடம் என்னிடம்தான் இருந்தது. முதலில் கதவைத் திறப்பது மட்டும் என் வேலை. அப்புறம் திண்டு போடுவது, மணி அடிப்பது, புதிதாக வந்தவர்களுக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நாளில் எல்லோரும் "உங்க குழு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் ஒரே மரபைச் சேர்ந்தவர்களும் இல்லை. ஒருவர் பர்மியத் துறவி மகாசி சயாடோவின் முறையில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் மனதுக்குள் குறித்துக்கொள்வார். இரண்டு பேர் விபாசனா ஆசிரியர் கோயங்காவின் பத்து நாள் முகாமில் கற்றவர்கள். தலையிலிருந்து கால்வரை உணர்வுகளைப் பார்த்துக்கொண்டே போவார்கள். ஒருவர் சோட்டோ ஜென் என்ற ஜப்பானிய மரபு; சுவரைப் பார்த்து, கண்ணைப் பாதி திறந்து உட்காருவார். நாற்பது நிமிட மௌனத்தில் இதனால் ஒரு தகராறும் வந்ததில்லை. தகராறெல்லாம் வாயைத் திறந்த பிறகுதான். அதுவும் தத்துவத்தில் இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடுவதா என்பதில் இரண்டு பேர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது கோசம்பி என்ற ஊர் மடத்தின் கதை. புத்தரின் வாக்குகளான தம்மபதத்துக்கு எழுதப்பட்ட பழைய உரையில் வரும். கழிப்பிடத்துப் பாத்திரத்தில் ஒரு பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, மிச்சத் தண்ணீரை விட்டுவிட்டு வந்தார். அது குற்றமா இல்லையா என்பதில் தொடங்கி மடமே இரண்டாகப் பிரிந்தது. புத்தர் சொல்லியும் கேட்கவில்லை. அவர் தனியாகக் கிளம்பிப் போய்விட்டார். புத்தரே முன்னால் இருந்தும் அந்தக் கதி என்றால், ஒரு ஜன்னலுக்காக நான் தூக்கம் கெடுவானேன்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தின் 128-ஆவது சூத்திரத்தில் இருக்கிறது. போகிற வழியில் புத்தர் அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற மூன்று பிக்குகளைப் பார்க்கிறார். பாலும் தண்ணீரும் போலக் கலந்து இருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் முழுக்க வீட்டு வேலை. பிட்சையிலிருந்து முதலில் திரும்புகிறவர் ஆசனம் போட்டுத் தண்ணீர் எடுத்து வைப்பார். கடைசியில் வருகிறவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பெருக்குவார். பானை காலியாக இருப்பதை யார் பார்க்கிறாரோ அவர் நிரப்புவார். தனியாகத் தூக்க முடியாவிட்டால் கையசைத்து இன்னொருவரைக் கூப்பிடுவார், பேச்சில்லை. ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவெல்லாம் உட்கார்ந்து தம்மம், அதாவது புத்தரின் போதனை, பேசுவார்கள். தலைவர் என்று யாருமே அந்த ஏற்பாட்டில் கிடையாது. பல தடவை படித்தும் இது என் கண்ணில் படவில்லை. சாவி என் பையில் இருந்ததே, எப்படிப் படும்!

கண்ணைத் திறந்துவிட்டது ஓர் இளைஞன். ஒரு நீண்ட முகாம் முடித்து வந்தவன், இரவில் தூக்கம் வரவில்லை, உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றான். நான் பெரிய மனுஷியாக, "அதையும் கவனி, விடாமல் உட்கார்" என்றேன். மூன்று வாரம் விடாமல் உட்கார்ந்தான். இன்னும் மோசமானான்.

நல்லவேளை, அந்தச் சமயத்தில் வேறு மூன்று சிறு குழுக்களோடு பௌர்ணமிதோறும் ஜூமில் சேர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தோம். அதில் ஒருவர் பல வருடம் முகாம்களில் ஆசிரியருக்கு உதவியாக இருந்தவர். பெயர் சொல்லாமல் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தயங்காமல் சொன்னார்: "உட்காருவதைக் குறைக்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்து நடக்கட்டும். இந்த வாரமே டாக்டரைப் பார்க்கட்டும்." பார்த்தான். சில மாதங்களில் தேறினான். இப்போது நடைத் தியானத்துக்கு மட்டும் வருகிறான், அது போதும் என்கிறான். எனக்குத்தான் நெடுநாள் தூக்கம் சரியில்லை. அந்த மனிதரைத் தெரியாமலே இருந்திருந்தால்?

பழைய பௌத்த சங்கத்திலும் பிக்குகளைத் தனித்தனியாகக் கிடக்க விடவில்லை. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓர் எல்லைக்குள் இருக்கும் பிக்குகள் எல்லோரும் கூடி விதிகளை ஓதவேண்டும். அந்த எல்லைக்குப் பாலி மொழியில் ‘சீமா’ என்று பெயர். நம் ‘சீமை’யும் அதே வேரில் வந்ததுதான். மழைக்கால முடிவில் ‘பவாரணை’ என்று இன்னொன்று உண்டு. என்னிடம் பார்த்த, கேட்ட, சந்தேகப்படுகிற குறை இருந்தால் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரும் மற்றவர்களைக் கேட்பார்கள்.

அதைப் போன வருடம் நாங்களும் செய்து பார்த்தோம். என் முறை வந்ததும், குழுவிலேயே அதிகம் பேசாத பெண் சொன்னாள்: "அக்கா, யாரிடம் கேள்வி கேட்டாலும் பதில் உங்களிடமிருந்துதான் வருகிறது." சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சுருக்கென்று தைத்தது.

வெளித்தொடர்பு எல்லாமே இனிப்பு என்று சொல்லமாட்டேன். ஒரு பெரிய மையம் எங்களைத் தன் கிளையாகச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. நல்ல கூடம், புத்தகங்கள், வருகை ஆசிரியர்கள். ஒரே நிபந்தனை, அவர்கள் முறை தவிர வேறெதுவும் கூடாது. ஜென்காரரை எங்கே அனுப்புவது? நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். இன்னொரு தடவை தேரவாதம் என்ற பௌத்த மரபைச் சேர்ந்த ஒரு பிக்குவை அழைத்துவிட்டு, உரையைப் பதினொன்றரைக்கு வைத்தேன். நண்பகலுக்குப் பிறகு அவர் சாப்பிடமாட்டார் என்பது யாருக்கோ கடைசி நிமிடத்தில் உறைத்தது. பணத்தையும் தொடமாட்டார் என்பதால் பயணச்சீட்டை நாங்களே எடுத்திருக்கவேண்டும், அதையும் மறந்திருந்தோம். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், நான்தான் வியர்த்துப் போனேன்.

இப்போது சாவி வாரம் ஒருவரிடம் போகிறது. மணியும் அப்படியே. போன ஞாயிறு நான் ஐந்து நிமிடம் தாமதம். உள்ளே போனால் திண்டுகள் கோணல்மாணலாகக் கிடந்தன, ஜன்னல் பாதி திறந்திருந்தது. நேராக்கக் கை துறுதுறுத்தது. கதவோரத்தில் ஒன்று காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் அந்த மூன்று குழுக்களும் நேரில் வருகின்றன. இருபது பேருக்குமேல் இருப்பார்கள். எங்களிடம் இருப்பது பன்னிரண்டு திண்டு. அதை யார் ஏற்பாடு செய்வது என்று வாட்ஸ்ஆப்பில் இரண்டு நாளாகப் பேச்சு ஓடுகிறது. நான் இன்னும் பதில் போடவில்லை.