எக்செல் தின்ற பூஜ்யமும் என் ஒன்பது நாளும்

நான் கொடுத்த மாத்திரையை நான்தான் கொடுத்தேன் என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ள ஒன்பது நாள் ஆனது. நர்ஸாக எனக்குப் பதினான்கு வருட சர்வீஸ். டிம் லைட்டிலும் வெயின் தேடிக் கேனுலா (மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) போட்டுவிடுவேன். ஆனால் அந்த ஒன்பது நாளும் எங்கள் வார்டுக் கணக்குப்படி நான் என்று ஒரு ஆளே கிடையாது.

எங்கள் மருத்துவமனை காகித சார்ட்டை மூட்டை கட்டிவிட்டு எலக்ட்ரானிக் ரெக்கார்டுக்கு மாறிய சமயம். ட்ரெயினிங் இரண்டு அரை நாள், நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த மருந்து ஆர்டர்களை முந்தின ராத்திரியே டாக்டர்களும் ஃபார்மசிக்காரர்களும் உட்கார்ந்து ஏற்றிவிட்டார்கள். அதுவும் பெரிய சேதாரம் இல்லை. காலை ஷிஃப்டுக்கு வந்து, ட்ராலியில் இருந்த கம்ப்யூட்டரில் என் எண்ணை அடித்தேன். 'யூசர் நாட் ஃபவுண்ட்' என்றது. மறுபடி அடித்தேன். அதே பதில்.

ஐ.டி. டெஸ்க்குக்குப் போன் போட்டேன்.

"டிக்கெட் போடுங்க சிஸ்டர்." கம்ப்யூட்டரிலேயே புகார் பதிவதற்கு அப்படிப் பெயர்.

"டிக்கெட் போடவே லாகின் வேணுமே, சார்."

"அப்போ லாகின் இருக்கிறவங்ககிட்ட சொல்லிப் போடச் சொல்லுங்க."

ஜூனியர் ஒருத்தி அவள் லாகினில் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் காலை 'சரிசெய்யப்பட்டது' என்று பதில் வந்தது. என்ன சரிசெய்தார்கள் தெரியுமா? அவள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டிருந்தார்கள். டிக்கெட் யார் பெயரில் வந்ததோ அவருக்குத்தான் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டார்களாம். அரை மணி நேரம் அவளும் உள்ளே போக முடியவில்லை. மருந்து நேரத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் யாரோ, "ட்ரெயினிங் ரிஜிஸ்டர்ல உங்க பேர்ல ஒரு எழுத்து கூடுதலா இருக்கு, அதான்" என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அலைந்ததில்தான் ஆறு நாள் வீணானது. ஹெச்.ஆரில் நர்சிங் ஆபீஸ் கடிதம் கேட்டார்கள். நர்சிங் ஆபீசில் ட்ரெயினிங் முடித்த சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் எங்கே என்று ட்ரெயினிங் பிரிவில் கேட்டால், "லாகின் பண்ணி டவுன்லோட் பண்ணிக்கோங்க மேடம்." நைட் ட்யூட்டி முடித்துத் தூங்காமல் போய் நின்ற அன்று, கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன பதில் இது. ஒருவழியாக எழுத்தைத் திருத்தினார்கள். லாகின் வரவில்லை.

இந்த இடைவெளியில்தான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். "நான் என் லாகின்ல உள்ளே போய் வச்சிட்டுப் போறேங்க்கா, நீங்க மருந்து கொடுங்க" என்று ஜூனியர் சொன்னாள், நானும் கொடுத்தேன். மூன்றாம் நாள், நாலாம் பெட்டுக்கு நான் வலிக்கு ஊசி போட்டேன். அதே நிமிஷத்தில் பத்தொன்பதாம் பெட்டில் அவள் இன்சுலின் போட்டிருக்கிறாள். கணக்குப்படி ஒரே நர்ஸ், ஒரே நிமிஷம், வார்டின் இரண்டு கோடியில். காகித சார்ட்டில் இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே யார், எந்த மெஷினில், எந்த நொடியில் தொட்டார்கள் என்பதெல்லாம் பின்னால் பதிந்துகொண்டே இருக்கிறது. ஃபார்மசி வாரக் கணக்கு எடுத்தபோது அகப்பட்டுவிட்டது. அவளை விளக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததில் என் பெயரை அவள் போடவே இல்லை. அதைப் படித்துப் பார்த்துவிட்டு, கீழே நானே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் முன்னால் தலை குனிந்து நின்றது அன்றைக்குத்தான்.

லாகின் வராதவர்கள் அடுத்தவர் லாகினில் ஒரு பாராசிட்டமால்கூடக் கொடுக்காதீர்கள். அதற்கு வழி ஏற்கனவே இருந்திருக்கிறது: டவுன்டைம் (சிஸ்டம் வேலை செய்யாத நேரம்) காகிதப் படிவத்தில் எழுதி நம் கையெழுத்துப் போட வேண்டும், லாகின் உள்ளவர் அதைப் பார்த்து, 'கொடுத்தவர் இன்னார்' என்று குறிப்போடு ஏற்ற வேண்டும். எங்களுக்குக் கொடுத்த வழிகாட்டியின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. முதல் பக்கத்தைத் தாண்டி யார் படித்தோம்?

ஒன்பதாம் நாள் ப்ரின்ட்டர் சரிசெய்ய ஒரு பையன் வார்டுக்கு வந்தான். சும்மா விடக்கூடாது என்று ஐ.டி. கார்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். கார்டைப் பார்த்தான், லேப்டாப்பில் ஒரு பட்டியலைப் பார்த்தான், சிரித்துவிட்டான். என் ஊழியர் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. பட்டியலை யாரோ எக்செல்லில் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். எக்செல் அதை வெறும் எண்ணாக நினைத்து, முன்னால் இருக்கும் பூஜ்யத்தை உதிர்த்துவிடுமாம். அதனால் ஒரு இலக்கம் குறைந்த எண்ணில் யாரோ ஒரு நான் ஒன்பது நாளாக உள்ளே சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறேன். நாலு நிமிஷத்தில் வேலை முடிந்தது. பெயரில் கூடியிருந்த எழுத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

லாகின் வந்த பிறகு ஸ்கேனரோடு மல்லுக்கட்டு. முதலில் நோயாளியின் கைப்பட்டை, அடுத்து மருந்து, இரண்டும் ஆர்டரோடு பொருந்தினால் பச்சை. சொல்லும்போது சுலபம். ஸ்ட்ரிப்பை வெட்டினால் பார்கோடு வேறு துண்டோடு போய்விடும். பாதி மாத்திரைக்குக் கோடே கிடையாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலில் நீர் கோத்து லேபிள் சுருங்கியிருக்கும். கைப்பட்டை கேனுலா ப்ளாஸ்டருக்கு அடியில் இருக்கும், நோயாளி அந்தக் கையைத்தான் தலைக்கு வைத்துத் தூங்குவார். ராத்திரி இரண்டு மணிக்கு அவரை எழுப்ப மனசு வராது.

அப்போதுதான் குறுக்கு வழி பிறக்கிறது. எங்கள் வார்டில் ட்ராலி மூடிக்கு உள்பக்கம் எல்லார் கைப்பட்டையையும் இன்னொரு பிரதி எடுத்து வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். அங்கேயே ஸ்கேன் செய்துவிட்டு மருந்தோடு போனால் போதும். நாங்கள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இதைப் பற்றியே ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் நர்ஸ்கள் கையாளும் குறுக்கு வழிகள் 15 வகை என்றும், அதற்கான காரணங்கள் 31 என்றும் எண்ணி வைத்திருக்கிறார்கள். காரணங்களையும் எண்ணினார்களே, அதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு. பொதுவாக நம் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தத் தாளை நானும் இரண்டு வாரம் பயன்படுத்தினேன். நிறுத்திய கதை இது. பதினொன்றாம் பெட்காரருக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. அந்தச் சுவரில் ஆக்சிஜன் பாயின்ட் சரியில்லை, அதனால் சாயங்காலம் அவரைப் பன்னிரண்டுக்கும் பன்னிரண்டில் இருந்தவரைப் பதினொன்றுக்கும் மாற்றியிருந்தார்கள். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவரில் சொன்னார்கள்தான், என் காதில் ஏறவில்லை. ராத்திரி பத்து மணி எனாக்சபாரின் ஊசியை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் பதினொன்றுக்குப் போனேன். மூடித் தாளில் அன்றைக்கு மை மங்கி ஸ்கேன் விழவில்லை என்ற ஒரே காரணத்தால், போர்வையை விலக்கிக் கையில் இருந்த பட்டையையே ஸ்கேன் செய்தேன். சிவப்பு. 'இந்த நோயாளிக்கு இந்த ஆர்டர் இல்லை.' ஊசி மூடியை ஏற்கனவே கழற்றிவிட்டேன். படுத்திருந்தவருக்கு இரண்டு நாள் முன்னால்தான் வயிற்றில் ரத்தக் கசிவு என்று எண்டோஸ்கோபி முடிந்திருந்தது. அவருக்குப் போய் ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசி. அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன சிஸ்டர், உங்களுக்கு முடியலையா?" என்று அவர் கேட்டார்.

தாளைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் அடுத்த பெட்டுக்குப் போனேன்.

பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. நேரம் தவறியதைச் சேர்க்காமல் பார்த்தால், மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழை பார்கோடு வந்த பிறகு 11.5 சதவீதத்திலிருந்து 6.8 ஆகக் குறைந்தது. முன்பெல்லாம் இந்த மாதிரி எண்ணைக் கூட்டங்களில் சொல்லும்போது கொட்டாவி விடுவேன். இப்போது அந்தக் குறைந்த கணக்கில் ஒன்று எங்கள் பதினொன்றாம் பெட். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த யோசனை எந்தக் கம்பெனி அறையிலும் பிறக்கவில்லை. கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இருந்த சூ கினிக் என்ற நர்ஸ், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் கையடக்க ஸ்கேனரால் காரைக் கணக்கில் ஏற்றியதைப் பார்த்திருக்கிறார். காருக்கு முடியும் என்றால் நோயாளிக்கு ஏன் கூடாது என்று கேட்டாராம். 1990-களில் நடந்தது.

வைட்டல்ஸ் (மூச்சு, நாடி, பி.பி. போன்ற அளவுகள்) விஷயத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. டிஷ்யூ பேப்பரில் குறித்துக்கொண்டு ரவுண்டு முடிந்ததும் மொத்தமாக ஏற்றுவது என் பழைய வழக்கம். ஒரு நாள் 8.10-க்கு ஒரு அம்மாவுக்குப் பார்த்தேன்: மூச்சு 24, ஆக்சிஜன் அளவு தனியாக ஆக்சிஜன் வைக்காமல் 93, நாடி 112, காய்ச்சல் 38.4, பி.பி. 118, நல்ல நினைவு. தனித்தனியாகப் பார்த்தால் கொஞ்சம் கூடக்குறைய, அவ்வளவுதான். ஏற்றியது 9 மணிக்கு. ஏற்றிய அடுத்த நொடி திரை சிவந்தது. எங்கள் சிஸ்டத்தில் இருப்பது பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-ல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 ஸ்கோர். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று இந்த அளவுகளுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிச் சொல்வது. மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 2, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1. கூட்டினால் 7, அதாவது அவசர நிலை. டாக்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "எட்டு பத்துக்குப் பார்த்ததை ஒன்பதுக்கு ஏன் சொல்றீங்க?" திரையில் பார்த்த நேரம் ஒன்று, ஏற்றிய நேரம் ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். பதில் சொல்ல வாயே வரவில்லை. நல்லவேளை, ஆன்டிபயாடிக் ஆரம்பித்த பிறகு அந்த அம்மா தேறிவிட்டார்.

இப்போது ட்ராலியோடுதான் போகிறேன், பெட்டுக்குப் பெட் அங்கேயே ஏற்றிவிடுகிறேன். அதிலும் ஒரு வம்பு. ட்ராலியைத் தலைமாட்டில் நிறுத்தினால் நம் முதுகுதான் நோயாளிக்குத் தெரியும். "எங்கே வலிக்குதுன்னு என்கிட்ட கேக்கறீங்களா, அதுகிட்ட கேக்கறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். கால்மாட்டில், அவர் முகம் பார்த்த மாதிரி நிறுத்துங்கள். ஒரு வார்த்தை பேசிவிட்டு அப்புறம் விசைப்பலகையைத் தொடுங்கள்.

ஐந்தாம் வாரம் ராத்திரி ஒன்றரை மணிக்கு மொத்த சிஸ்டமும் படுத்துவிட்டது. நாலரைக்குத்தான் எழுந்தது. டவுன்டைம் கம்ப்யூட்டர் என்று ஒன்று தனியாக வைத்திருப்பார்கள், கடைசியாக இருந்த மருந்துப் பட்டியலைப் பார்க்க மட்டும். அது இருந்தது. அதோடு இணைத்திருந்த ப்ரின்ட்டரில்தான் தாள் இல்லை. (ஷிஃப்ட் தொடக்கத்தில் அந்த ப்ரின்ட்டரைத் திறந்து பாருங்கள். கேலி செய்வார்கள், பரவாயில்லை.) பக்கத்து வார்டில் கடன் வாங்கி அச்சடித்து, பழையபடி பேனாவும் கையெழுத்துமாகக் கொடுத்து முடித்தோம். ஒரு மணி நேரம் பழைய காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது.

ஆபத்து சிஸ்டம் எழுந்த பிறகுதான். நாங்கள் காகிதத்தில் கொடுத்து முடித்த இரண்டு மணி மருந்துகள் எல்லாம் திரையில் 'தாமதம்' என்று சிவப்பாக நின்றன. பார்க்கிற ஆள் இரண்டாவது தடவை கொடுத்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஜூனியர் அப்படித்தான் ஒரு ஆன்டிபயாடிக் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டாள். நல்லவேளை, தாள் என் கையில் இருந்தது. அன்றிலிருந்து, காகிதத்தில் கொடுத்தவர்தான் திரும்ப ஏற்ற வேண்டும், ஏற்றி முடிக்கும்வரை அந்த பெட்டின் கால்மாட்டில் தாள் தொங்க வேண்டும் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். அன்று ஆறரை வரை உட்கார்ந்து ஏற்றினேன். கொடுத்த நேரம் 2.05, ஏற்றிய நேரம் 5.40, காரணம் 'டவுன்டைம்', பெயர் என்னுடையது. இந்த முறை யாரும் விளக்கம் கேட்கவில்லை.

போன வாரம் எங்கள் வார்டுக்குப் புதிதாக ஏழு பேர் வந்தார்கள். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஊழியர் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. ட்யூட்டி ஆரம்பிக்கும் முன்னாலேயே இருவரையும் ஐ.டி. அறை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தேன்.