அறுவடை நேரத்தில் ஒரு சர்வர்: மன்னார்குடி நாட்குறிப்பு

2025 ஜனவரி 20

பொங்கல் முடிந்து சம்பா அறுவடை மும்முரமாகிவிட்டது. நான் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அரிசி ஆலையின் எடைமேடையில் இன்று விடிவதற்கு முன்பே பதினேழு லாரிகள் வரிசையில் நின்றன. பாரத்தோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை என ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எடை போட வேண்டும். ஒவ்வோர் எடைச் சீட்டையும் சர்வர் தர இரண்டு நிமிடம் ஆகிறது. நெல் பனியில் நனைந்து ஈரப்பதம் ஏறிவிடக் கூடாதே என்று ஒரு விவசாயி தார்ப்பாயைத் திரும்பத் திரும்ப இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

உரிமையாளர் பெரிய பிராசஸர் வாங்கிவிடலாம் என்றார். நான்கு கோர் உள்ள இயந்திரத்தில், ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையான லோடு ஆவரேஜ் 14 என்று காட்டினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் லினக்ஸ், சிபியுவுக்குக் காத்திருப்பவற்றோடு டிஸ்க்குக்காக முடங்கி நிற்கும் புராசஸ்களையும் அந்த எண்ணில் சேர்த்தே காட்டுகிறது. நினைவகம், சிபியு நிலவரத்தைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையை வினாடிக்கு ஒரு முறை ஓடவிட்டேன். சிபியு பெரும்பாலும் சும்மா இருந்தது; நினைவகம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடமான ஸ்வாப்புக்குள் தரவு போவதையும் அங்கிருந்து வருவதையும் காட்டும் இரண்டு பத்திகளும் ஆயிரங்களில் இருந்தன. தலைமடையில் தண்ணீர் நிற்கும்போது கடைமடை காய்ந்தால், ஆற்றில் நீர் போதவில்லை என்று நாம் சொல்வதில்லை. வாய்க்காலில் அடைப்பு எங்கே என்றுதான் பார்க்கிறோம்.

ஜனவரி 21

அடைப்பு கிடைத்தது. எடைக் கணக்கை வைத்திருக்கும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸின் கான்ஃபிக் கோப்பில், ஒரு வேலை எடுத்துக்கொள்ளும் நினைவகத்தின் வரம்பான வொர்க் மெம் 256 எம்பி என்றும், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 300 என்றும் யாரோ முன்பு எழுதிவைத்திருக்கிறார்கள். வொர்க் மெம்மின் இயல்பான மதிப்பு 4 எம்பி. அது சர்வர் முழுவதற்குமான மொத்த அளவன்று. ஒவ்வொரு இணைப்பிலும் ஓடும் வினவலின் (தரவைக் கேட்கும் கட்டளையின்) ஒவ்வொரு வரிசைப்படுத்தும் வேலையும் அந்த அளவுவரை தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம், 15-ஆம் பதிப்பிலிருந்து, தரவைப் பொருத்திப் பார்க்கும் ஹேஷ் வேலைகள் இயல்பாகவே அதைப் போல இரு மடங்குவரை எடுக்கலாம். சுற்று ஊர்க் கொள்முதல் களங்களிலிருந்து 60 இணைப்புகள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வரிசைப்படுத்தலைத் தொடங்கினாலே 15 ஜிபி போய்விடும். இயந்திரத்தில் இருப்பதோ மொத்தமே 16 ஜிபி.

வொர்க் மெம்மை 16 எம்பியாகக் குறைத்தேன். இதற்குக் கோப்பை மறுபடி படிக்கவைக்கும் ரீலோடு போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை என்பதால் நண்பகலிலேயே செய்ய முடிந்தது. மாதாந்திர அறிக்கைக்கு மட்டும் அந்தந்த செஷனுக்குள் கூட்டிக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தேன். அரை மணி நேரத்தில் ஸ்வாப் பத்திகள் இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கின. எடைச் சீட்டு ஆறு வினாடிக்கு வந்தது.

இரவு பதினொரு மணிக்கு ஆலைக் கதவு மூடிய பிறகு ரீஸ்டார்ட் கேட்கும் மாற்றங்களை வைத்துக்கொண்டேன். படித்த தரவைப் போஸ்ட்கிரெஸ் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடமான ஷேர்டு பஃபர்ஸ் இன்னும் இயல்பான 128 எம்பியிலேயே கிடந்தது. நினைவகத்தில் கால் பங்கு என்ற பழகிய கணக்குப்படி அதை 4 ஜிபி ஆக்கி, எந்த வினவல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணக்கு வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸையும் அதே ரீஸ்டார்ட்டில் சேர்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம் ஆகியவற்றைக் கோப்பிலேயே குறிப்பாக எழுதிவைத்தேன். முன்பு இருந்தவர் ஒரு வரி எழுதியிருந்தால் 256 எங்கிருந்து வந்தது என்று நான் அரை நாள் தேடியிருக்க மாட்டேன்.

ஜனவரி 23

ஆறு வினாடியும் அதிகம்தான். பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸில் மொத்த நேரத்தின்படி முதலிடத்தில் நின்றது, வண்டி எண்ணைக் கொண்டு முந்தைய எடையைத் தேடும் வினவல். வினவல் எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டுப் பார்த்தால், 22 லட்சம் வரிகளையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறது. வண்டி எண் பத்தியில், விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இருக்கிறது. ஆனால் வினவல் அந்த எண்ணை அப்பர் ஃபங்ஷனால் பெரிய எழுத்தாக்கி ஒப்பிடுவதால் சாதாரண இண்டெக்ஸ் அதற்கு உதவாது. அப்பர் ஃபங்ஷன் தரும் அதே பெரிய எழுத்து வடிவத்தின் மீது புதிய இண்டெக்ஸ் ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. எடைமேடை ஓடிக்கொண்டிருந்ததால் கன்கரண்ட்லி என்ற சொல்லைச் சேர்த்து உருவாக்கினேன். நேரம் கூடினாலும் எழுதும் வேலைகளை அது தடுப்பதில்லை. இதை, பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது, நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும்; ஆகவே முடிந்ததும் பட்டியலைச் சரிபார்த்தேன்.

இப்போது அந்த வினவலுக்கு 3 மில்லி வினாடி.

ஜனவரி 27

டிஸ்க் 96 சதவீதம் என்று எச்சரிக்கை வந்தது. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளை காட்டிய தொகை, டிஸ்க்கில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை காட்டியதைவிட மிகக் குறைவு. அழித்த லாக் கோப்பு ஒன்றை ஒரு சர்வீஸ் இன்னும் திறந்தே வைத்திருப்பதை, திறந்த கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் காட்டியது. அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும் இடம் திரும்பியது.

ஜனவரி 30

கணக்குப்பிள்ளை ஐயா திரையைக் காட்டி, “தம்பி, மெமரியெல்லாம் தீந்து போச்சு போலிருக்கே” என்றார். ஃப்ரீ கட்டளையில் காலியிடம் 300 எம்பி என்றிருந்தது. “அது டிஸ்க்கில் படித்ததை லினக்ஸ் கைவசம் வைத்திருப்பது ஐயா, கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும், கடைசியில் இருக்கும் அவைலபிள் பத்தியைப் பாருங்கள்” என்று சொன்னேன். அதில் 9 ஜிபி இருந்தது. அவர் அந்த எண்ணைத் தம் நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஸ்வாப்பை அடியோடு நிறுத்திவிடச் சொல்லி நண்பர் ஒருவர் தொலைபேசியில் யோசனை சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்வாப் இல்லாமல் நினைவகம் திடீரென நிறைந்தால் லினக்ஸின் மையமான கர்னல் போஸ்ட்கிரெஸையே கொல்ல நேரலாம். ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஸ்வாப்பினஸை மட்டும் 60-லிருந்து 10 ஆக்கினேன்.

பிப்ரவரி 4

இன்று லாரி ஓட்டுநர் கீழே இறங்குவதற்குள் சீட்டு அச்சாகிவிடுகிறது. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் இன்னும் 300-லேயே இருக்கிறது. அதைக் குறைத்து, இணைப்புகளைத் தொகுத்துப் பகிரும் பிஜிபவுன்சரை முன்னால் வைக்க வேண்டும். ஆனால் களத்தில் நெல் கிடக்கும்போது அந்த வேலையில் கை வைக்க மாட்டேன். அறுவடை ஓய்ந்ததும் பழைய மடிக்கணினியில் ஒத்திகை பார்த்து, மேட்டூரில் குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்கு முன் மாற்றிவிடுவதாக உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.