லிவர்பூலில் வீடு தேடியபோது கிடைத்த அறிவுரை

நான் கீழக்கரைக்காரி. அப்பா அங்கே டீக்கடை வைத்திருந்தார், வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் முஸ்லிம்கள், நோன்பு மாதம் வந்துவிட்டால் பகலெல்லாம் கடை ஈயடிக்கும், சாயங்காலம் நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்க ஓடுவேன். "டீக்கடை வீட்டுப் புள்ளையா, மூடியை நல்லா அழுத்திக்க" என்பதோடு விசாரணை முடிந்துவிடும். அதற்காக எங்கள் ஊரில் மனஸ்தாபமே கிடையாது என்று கதை விட மாட்டேன். ஆனால் பாய் என்றால் பயப்பட வேண்டும் என்பதை நான் முதலில் கேள்விப்பட்டது இங்கிலாந்தில், அதுவும் தமிழர்கள் வாயால்.

நர்ஸ் வேலை கிடைத்து லிவர்பூல் வந்தபோது இங்குள்ள தமிழ் வாட்ஸ்அப் குழு உண்மையிலேயே பெரிய துணை. வங்கிக் கணக்கு, குளிர்கோட்டு, பொன்னி அரிசி எல்லாவற்றுக்கும் அரை மணியில் பதில் வரும். லாட்ஜ் லேன் பக்கம் வீடு பார்த்திருக்கிறேன் என்று போட்டதும் வந்த பதில்தான் வேறு மாதிரி: "அங்க பாய்ங்க ஜாஸ்தி சிஸ்டர், வேண்டாம்." வாடகை குறைவு, வேலைக்குப் போக வரச் சுலபம், எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டில் ஏமன் நாட்டுக் குடும்பம். அந்த மனிதர் குப்பைத் தொட்டியை நடைபாதையில் இழுத்துப் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுவார், எனக்கு எரிச்சலாக வரும். அவ்வளவுதான் அவர்மேல் எனக்குள்ள புகார். முக்குக் கடையில் மீன் தலையைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னால் வைத்துத் தருவார்கள், எனக்கு அது போதும்.

2024 ஜூலை 29 அன்று பக்கத்தில் சவுத்போர்ட்டில் நடன வகுப்புக்குப் போன மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு பொய்ப் பெயரோடு செய்தி பரவி, மறுநாள் ஒரு கும்பல் அங்குள்ள பள்ளிவாசலைக் கல்லால் அடித்தது. கொன்றவன் கார்டிஃபில் பிறந்தவன், பெற்றோர் ருவாண்டாவிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள். இது வெளியான பிறகும் எங்கள் குழுவில் அந்தப் பழைய ஃபார்வர்டு சுற்றிக்கொண்டிருந்தது, கூடவே "நம்மளைச் சொல்லல, அவங்களைத்தான்" என்ற ஆறுதல் வேறு. ஆகஸ்ட் 4 அன்று மிடில்ஸ்பரோவில் கும்பல் கார்களை நிறுத்தி, ஓட்டுபவர் வெள்ளையரா, இங்கிலீஷ்காரரா என்று கேட்டது. மதத்தை யாரும் விசாரிக்கவில்லை. அந்த வீடியோவைப் போட்டேன். குழு கப்சிப். பயத்தில் வந்த அமைதிதான், மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை.

ராமநாதபுரம் என்று சொன்னாலே கலாமை இழுப்பார்கள். "அவர் மாதிரி இருந்தா யார் வேண்டாம்கிறா?" எனக்கு இந்தப் பேச்சுதான் ரொம்பப் பிடிக்காதது. நமக்கு வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் சம்பளச் சீட்டு போதும், அவர்கள் மட்டும் ராக்கெட் விட்டுக் காட்டவேண்டுமா? அந்த ஆகஸ்டில் இங்குள்ள அப்துல்லா குயிலியம் பள்ளிவாசலுக்கு வெளியே எதிர்ப்புக் காட்ட வந்தவர்களுக்கு இமாமே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். 1889-இல் திறந்த பள்ளிவாசல் அது. இமாமுக்குப் பெரிய மனசுதான், ஆனால் சோறு போட்டால்தான் விடுவோம் என்பது என்ன நியாயம்?

"அவங்க தமிழே இல்ல" என்று ஒருவர் எழுதியபோது மட்டும் ஊர்ப் பெருமையை எடுத்தேன். நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடியவர் உமறுப்புலவர், அவரை ஆதரித்த வள்ளல் எங்கள் ஊர்ச் சீதக்காதி, 'செத்தும் கொடுத்தான்' என்று நீங்கள் பள்ளியில் படித்த அதே ஆள் என்றேன். அவர் ஒரு கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

குழுவில் சண்டை போடுவதைவிடத் தனியாக ஃபோன் செய்து, "அக்கா, உங்களுக்கு என்ன நடந்துச்சு, எப்போ, யாரு?" என்று கேட்பதில்தான் பலன் இருக்கிறது. பெரும்பாலும் யாரோ சொன்னதாகத்தான் இருக்கும். ஒரு அக்காவுக்கு மட்டும் நிஜமாகவே எங்கள் தெருவுக்கு அருகே பையைப் பறித்திருக்கிறார்கள், பாவம், பாஸ்போர்ட்டும் அதோடு போயிற்று. அதை இல்லை என்று சொல்ல முடியுமா? ஆளைப் பார்த்தீங்களா என்றேன். "ஹெல்மெட் போட்டிருந்தான்டி" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை, அப்புறம் அவரே சிரித்துவிட்டார்.

இப்போது குழுவில் வீடு பற்றி எழுதினால் வாடகை, பஸ், திருட்டு நடந்திருந்தால் எந்தத் தெரு, எப்போது என்று மட்டும் எழுத வேண்டும், மதம் வரக்கூடாது என்று அட்மின் விதி போட்டிருக்கிறார். நச்சரித்தது நானும் அந்த அக்காவும். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டார்கள். போகட்டும்.