690 வெள்ளியில் ஒரு கோடு

2021ஆம் ஆண்டு நவம்பரில், மாதச் சம்பளக் கணக்கை முடிப்பதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, சிங்கப்பூரில் எங்கள் நிறுவனத்தில் துப்புரவாளராக வேலை செய்யும் ஓர் அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். சம்பளப் பிரிவுக்கு ஆட்கள் வருவது பெரும்பாலும் ஏதாவது குறைந்துவிட்டது என்று சொல்லத்தான். விடுப்பு நாளுக்குப் பிடித்துவிட்டார்கள், மேல்நேரம் விட்டுப்போயிற்று, ஓய்வுகாலத்துக்கான கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக் கணக்கில் பணம் ஏறவில்லை என்று வருவார்கள். இவர் கேட்டது அதற்கு நேர்மாறானது.

“தங்கச்சி, இந்த மாசம் எனக்கு ஓவர்டைம் போட்டிருக்காங்களாம். அத எடுத்துட முடியுமா? அடுத்த மாசமும் எனக்கு வேணாம்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுங்க.”

செய்த வேலைக்கான கூலியை நான் எப்படி அழிப்பது? முடியாது என்று சொன்னேன். அப்போதுதான் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு படிவத்தை எடுத்து விரித்தார். பள்ளியில் கொடுத்த நிதியுதவி விண்ணப்பம் அது. குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவரின் வருமானத்தையும் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு கூட்டலும் ஒரு வகுத்தலும் போட்டிருந்தார். விடையை இரண்டு முறை அழித்து எழுதியிருந்ததால் காகிதம் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து போயிருந்தது.

அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். கணவர் பாதுகாவல் அதிகாரி; பன்னிரண்டு மணி நேர வேலை, மேல்நேரத்தையும் சேர்த்து மாதம் ஏறத்தாழ 2,100 வெள்ளி. அக்காவுக்கு 1,300. உயர்நிலைப் பள்ளியில் ஒரு மகன், தொடக்கப் பள்ளியில் ஒரு மகள், உடன் மாமியார். ஈசூன் வட்டாரத்தில் மூவறை வீட்டில் ஐந்து பேர், மொத்த வருமானம் 3,400. கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்கு அப்போது இருந்த வரம்பு, குடும்ப வருமானம் 2,750 வெள்ளிக்கு மிகாமல் இருக்க வேண்டும் அல்லது தலைக்கு 690 வெள்ளிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது. 3,400ஐ ஐந்தால் வகுத்தால் 680. கோட்டுக்குப் பத்து வெள்ளி கீழே. அந்த மாத மேல்நேரம் 120 வெள்ளி. அதைச் சேர்த்தால் 3,520, தலைக்கு 704. கோட்டுக்குப் பதினான்கு வெள்ளி மேலே.

அந்தப் பதினான்கு வெள்ளியின் விலை என்ன என்பதை அவர் என்னைவிடத் துல்லியமாக அறிந்திருந்தார். நிதியுதவி கிடைத்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் பாடநூல் இலவசம், சீருடை இலவசம், பள்ளிக் கட்டணம் இல்லை. அதோடு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஏழு வேளை, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் பத்து வேளை சாப்பாடு. ஆகப் பதினேழு வேளை. பள்ளி உணவகத்தில் ஒரு வேளைக்கு 2 வெள்ளி என்று குறைத்தே வைத்தாலும் வாரம் 34, நான்கு வாரத்துக்கு 136 வெள்ளி. மறுபக்கம், 120 வெள்ளி மேல்நேரத்தில் மத்திய சேமநிதிக்கு 20 விழுக்காடு போனால் கையில் வருவது 96. சேமநிதிப் பணமும் அவருடையதுதான், ஐயமில்லை. ஆனால் பிள்ளைக்கு நாளைக்கு வாங்க வேண்டிய சாப்பாட்டுக்கு அதைத் தொட முடியாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஓர் அலுவலகக் கட்டடத்தின் தரையைத் தேய்த்துக் கழுவியதற்கு, அந்தக் குடும்பம் மாதம் 40 வெள்ளி கைவிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். புத்தகமும் சீருடையும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நான் பதினொரு ஆண்டுகளாகச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். சிங்கப்பூரில் ஏற்றத்தாழ்வு குறைகிறதா, கூடுகிறதா என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டி எழும்போதெல்லாம் எனக்கு அந்தப் பென்சில் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு (எண் குறையக் குறைய இடைவெளி குறைவு) 2024ஆம் ஆண்டுக்கு 0.435, அரசாங்க உதவிகளையும் வரிகளையும் கணக்கில் எடுத்தபின் 0.364. உதவிகள் உண்மையிலேயே இடைவெளியைக் குறைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை, அதை நான் மறுக்கவும் இல்லை. நான் கேட்பது வேறு. அந்த உதவி ஒரு குடும்பம் மேலே ஏறும் நேரத்தில் எப்படி விலகுகிறது? மெல்ல மெல்லக் கையை எடுக்கிறதா, ஒரே நொடியில் விடுகிறதா?

இந்தக் கேள்வி துப்புரவுத் துறையில் இருப்பவர்களுக்கு இன்னும் கூர்மையானது. நம் நாட்டில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் இல்லை. அதற்குப் பதிலாகத் துறைவாரியாகப் படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது. 2014இல் துப்புரவு நிறுவனங்களின் உரிமத்தோடு அது இணைக்கப்பட்டபோது அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளியில் தொடங்கியது. 2023 ஜூலையில் அது 1,570 ஆனது. 2028இல் 2,420ஐ எட்டும். நல்ல திட்டம் என்று மனமாரச் சொல்வேன், ஏனென்றால் அந்த உயர்வு ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றியவள் நான். அதில் படிகள் உண்டு. பயிற்சி முடித்தால் சாதாரணத் துப்புரவாளர் நிலையிலிருந்து இயந்திரம் இயக்குபவராகலாம், அதிலிருந்து மேற்பார்வையாளராகலாம். அந்த அக்கா அந்த ஆண்டே பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டார். தரை தேய்க்கும் இயந்திரத்தை அவரைப்போல் வளைத்துத் திருப்ப எங்களிடம் வேறு ஆள் இல்லை. பதவியைக் கொடுத்தபோது வேண்டாம் என்றார். இயந்திரம் கனமாக இருக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று காரணம் சொன்னாராம். உண்மைக் காரணம் பென்சிலில் இருந்தது. ஓர் அமைச்சு அவருக்கு ஏணியை நீட்டியது. இன்னோர் அமைச்சின் கோடு அவரை ஏறவிடவில்லை. இரண்டும் நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டவை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

எல்லா உதவியும் இப்படி இல்லை. குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் வேலைநலன் துணை வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இலிருந்து இருக்கும் இந்தத் திட்டத்துக்கு ஊழியர்கள் விண்ணப்பிக்கவே வேண்டாம். சேமநிதிப் பதிவுகளைப் பார்த்து அரசாங்கமே கணக்கிட்டு அனுப்புகிறது. சம்பளம் உயர உயர அந்தத் தொகை சிறிது சிறிதாகக் குறையும், திடீரென்று நின்றுவிடாது. பாலர் பள்ளிக்கான கூடுதல் கட்டணக் கழிவும் அப்படித்தான்: குடும்ப வருமானம் 12,000 வெள்ளி வரை, வருமானத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காகக் குறைந்துகொண்டே போகிறது. அதே பிள்ளை ஆறு வயது முடிந்து தொடக்கநிலை ஒன்றில் காலெடுத்து வைத்ததும், அடுக்குகள் மறைந்து ஒற்றைக் கோடு வந்துவிடுகிறது. பின்பு தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ போனால் உதவிநிதியில் அடுக்குகள் மறுபடியும் முளைக்கின்றன. இடையில் உள்ள பத்து ஆண்டுகள், அதாவது ஒரு பிள்ளையின் எதிர்காலம் பெரும்பாலும் உருவாகும் பத்து ஆண்டுகள், கோட்டின் காலம்.

அந்தப் பத்து ஆண்டுகளிலும்கூட ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டணத்தைத் தாங்களே நிர்ணயிக்கும் சுயேச்சைப் பள்ளிகளில் படிக்கும் மாணவர்களுக்கான உதவிநிதி பல அடுக்குகளாக இருக்கிறது. குடும்பம் சற்று மேலே போனால் கழிவின் விழுக்காடு குறையும், அவ்வளவுதான். அங்கே மாதக் கட்டணமே நூற்றுக்கணக்கான வெள்ளி என்பதால் அடுக்கு தேவைப்படுகிறது, அக்கம்பக்கப் பள்ளியில் கட்டணம் மிகக் குறைவு என்பதால் தேவையில்லை என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அந்த விளக்கத்தை ஏற்க நான் முயன்றிருக்கிறேன். ஆனால் அக்கம்பக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் கட்டணம் பெரிதில்லை, சாப்பாடுதான் பெரிது. கட்டணத்துக்கு அடுக்கு வைக்கத் தெரிந்த நமக்குச் சாப்பாட்டுக்கு வைக்கத் தெரியாமலா போகும்?

ஒரு கோடு இருப்பதற்குக் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர்களுக்குக் கோடு எளிது. இருக்கும் பணம் மிகவும் இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் நியாயம். வரம்பைச் சற்றே தாண்டியவர்களுக்குத் தங்கள் சொந்த நிதியிலிருந்து உதவும் சுதந்திரமும் பள்ளிகளுக்கு இருக்கிறது. ஆனால் அந்தச் சுதந்திரம் இருப்பது கேட்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். விண்ணப்பத்தில் தோற்பதைவிட ஓவர்டைமை விடுவது மானம் காக்கும் வழி என்று நினைக்கும் ஒரு தாய், பள்ளிப் படியேறிப் போய், எங்களுக்குப் பதினான்கு வெள்ளி கூடிவிட்டது, இருந்தாலும் உதவுங்கள் என்று கேட்கமாட்டார். எனக்குத் தெரிந்த எந்தத் தாயும் கேட்டதில்லை.

கோட்டுக்கு மேலே வெகுதூரத்தில் இருப்பவர்களின் உலகத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2023இல் சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிட்டது 180 கோடி வெள்ளி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 140 கோடி. வருமானத்தில் மேல் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் இதற்குச் செலவிடுவது கீழ் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். தொடக்கநிலை ஒன்று பதிவில் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு முன்னுரிமை, ஆகவே விரும்பப்படும் பள்ளியின் அருகே வீடு வாங்க முடிந்தவர் பள்ளியையும் சேர்த்தே வாங்குகிறார். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின்மீது இருந்த வரி 2008 பிப்ரவரி 15இலிருந்து இல்லை. நான் இதைப் பொறாமையில் எழுதவில்லை. தன் பிள்ளைக்கு நல்லது செய்ய நினைக்கும் எந்தப் பெற்றோரையும் நான் குறை சொல்லமாட்டேன். மேலே இருப்பவர் இன்னும் மேலே போகும்போது யாரும் அவருடைய வருமானத்தைக் குடும்பத்தின் தலைகளால் வகுத்துப் பார்த்து, கையில் இருப்பதைப் பிடுங்குவதில்லை. வகுத்தல் கணக்கு ஏழைக்கு மட்டும் விதிக்கப்பட்டிருக்கிறது.

சம்பளச் சீட்டில் இன்னொரு வரியும் உண்டு, இந்தியர்களுக்கு மட்டும்: சிண்டா நிதி. இந்தியப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியிருந்த கவலையில் 1991இல் தொடங்கிய அமைப்பு அது. மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை, சம்பளத்துக்கு ஏற்ப எட்டுப் படிகளில் பிடிக்கப்படுகிறது. அக்காவிடம் 3 வெள்ளி, அவர் கணவரிடம் 5. அங்கேயும் கோடுகள்தான். ஆனால் 2,500ஐத் தாண்டினால் 5 வெள்ளி 7 ஆகும், அதற்கு மேல் ஒன்றும் கெட்டுப்போகாது. கோடு எவ்வளவு மென்மையாக இருக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு மாதமும் என் கண்முன் இருக்கும் உதாரணம் அது.

2021க்குப் பிறகு நிதியுதவி வரம்பு உயர்த்தப்பட்டிருக்கிறது. வரவேற்கிறேன். இருந்தாலும் கோட்டைத் தள்ளி வைத்தால் அதன்மேல் நிற்கும் குடும்பம் மாறுமே தவிர, கோடு மாறாது. என் விருப்பம் எளியது. ஒரு குடும்பம் வரம்பைத் தாண்டும்போது முதலில் போக்குவரத்து உதவி விலகட்டும். இன்னும் உயர்ந்தால் சீருடை, அதன்பின் புத்தகம். சாப்பாடு எல்லாவற்றுக்கும் கடைசியாக, வரம்பைப்போல ஒன்றரை மடங்கு வருமானம் வரும்வரை இருக்கட்டும். ஒரு மாதச் சம்பளச் சீட்டை வைத்து முடிவெடுக்காமல், வேலைநலன் திட்டத்துக்குப் பார்ப்பதைப்போலச் சேமநிதிப் பதிவிலிருந்து ஓராண்டுச் சராசரியைப் பார்க்கட்டும். அப்படிச் செய்தால் தீபாவளி மாதத்தில் இரண்டு ஞாயிறு கூடுதலாக உழைத்த தாய் தன் கூலியை அழிக்கச் சொல்லி யாரிடமும் வந்து நிற்க வேண்டியிருக்காது.

2018இல், அப்போது துணைப் பிரதமராக இருந்த தர்மன் சண்முகரத்தினம் சமுதாயத்தை நகரும் படிக்கட்டுக்கு ஒப்பிட்டுப் பேசினார். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றுபோனால் ஏற்றத்தாழ்வின் வலி கடுமையாகும் என்பது அவருடைய கருத்து. அது நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். முதல் சில படிகளில் நிற்பவர்கள் கால் வைக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

அந்த அக்காவுக்கு 2022ஆம் ஆண்டு நிதியுதவி கிடைத்தது. நவம்பர் மேல்நேரம் சீட்டில் இருக்கத்தான் செய்தது. ஆனால் விண்ணப்பத்தோடு பள்ளி கேட்டது அக்டோபர்ச் சீட்டை. பிறகு ஓராண்டு முழுவதும் அவர் ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக வேலை செய்யவில்லை. 2022 ஆகஸ்ட்டில் மாமியார் தவறிவிட்டார். நான்கு நாள் விடுப்பு முடிந்து திரும்பியவர், ஆண்டு இறுதியில் மறுபடியும் விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். வருமானம் அதே 3,400. வகுக்கும் எண் இப்போது ஐந்து இல்லை, நான்கு. தலைக்கு 850. உயர்த்தப்பட்ட வரம்புக்கும் மேலே.

அதை நான்தான் கூட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காசு கூடவில்லை, வீட்டில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது, அதனால் அவர்கள் வசதி கூடியவர்கள் ஆகிவிட்டார்கள். பள்ளியில் கேட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்தி அனுப்பினேன். வகுப்பாசிரியர் முயற்சி எடுத்து, பள்ளியின் சொந்த நிதியிலிருந்து அந்த ஆண்டுப் புத்தகங்களை வாங்கித் தந்தார்கள். சாப்பாடு இல்லை.

ஜனவரி முதல் வாரத்தில் மேற்பார்வையாளர் எனக்கு ஒரு சம்பள மாற்றப் படிவம் அனுப்பினார். இயந்திரம் இயக்குபவர் என்ற பதவிப் பெயருக்கு எதிரே அக்காவின் கையெழுத்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேல்நேரப் பட்டியலிலும் மாதத்தின் நான்கு வாரத்துக்கும் அவர் பெயர் இருந்தது.