அம்மாவின் சுருக்குப் பையில் கிடைத்த மாத்திரைத் துண்டு

சனிக்கிழமை மத்தியானம் லேப்பில் கொடுத்த தாளில் "பிடி 48 விநாடி, கன்ட்ரோல் 13" என்று மட்டும் இருந்தது. பிடி என்றால் ரத்தம் உறைய ஆகும் நேரம், கன்ட்ரோல் என்றால் சாதாரணமாக ஆகும் நேரம். எந்த லேப்பில் எடுத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அதிலிருந்து கணக்கிடும் ஐஎன்ஆர் எண் எங்கே என்று கேட்டேன். "இதான் ரிப்போர்ட்டு, டாக்டருக்குப் புரியும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். டாக்டரிடம் கொண்டுபோனால், "ஐஎன்ஆர் இல்லாம மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாதும்மா" என்கிறார். திரும்ப லேப்புக்கு ஓடினேன். ஷட்டரை இறக்கியிருந்தார்கள். மறுநாள் ஞாயிறு. அந்த ஒரு எண் இல்லாமல் எங்களுக்கு இரண்டு நாள் போனது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அம்மாவுக்கு 58 வயது. ஒன்பது வருஷத்துக்கு முன் இதயத்தில் மைட்ரல் வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க தினமும் ராத்திரி அசிட்ரோம் மாத்திரை 2 மில்லிகிராம். ஐஎன்ஆர் 2.5-லிருந்து 3.5-க்குள் நிற்க வேண்டும். மாதம் ஒரு தடவை ரத்தம் கொடுப்பதும் நோட்டில் எழுதி வைப்பதும் எங்களுக்குப் பழகிப்போன வேலைதான். இந்தத் தடவை சம்பா அறுவடை, அதன்பின் உளுந்து என்று இரண்டு மாதம் டெஸ்ட் எடுக்காமல் விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு.

அந்த இரண்டு மாதமும் அம்மா முழங்கால் வலிக்குக் கடைத்தெருவில் செட் மாத்திரை (சீட்டில்லாமல் இரண்டு மூன்று மாத்திரையைச் சேர்த்துக் கட்டித் தருவது) வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. காலையில் ஒரு செட், ராத்திரி ஒரு செட். வலி போய்விட்டது, பசியும் நன்றாக எடுத்தது. முகம் உருண்டு பளபளவென்று ஆனது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "ஒங்கம்மா நல்லாத் தேறிட்டாங்க" என்றார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். அது ஸ்டீராய்டு போட்ட ஊதல் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பல் விளக்கும்போது எச்சிலெல்லாம் ரத்தம். முன்னங்கையில் அங்கங்கே நாவல்பழம் நசுங்கினாற்போல் கன்றிப்போயிருந்தது. உட்காரவைத்துக் கேட்டதில் மாத்திரை விஷயம் வெளியே வந்தது. எனக்கு வந்த கோபத்தில், இருந்த பொட்டலம் அத்தனையையும் கொல்லை எருக்குழியில் கொட்டிவிட்டேன். நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான். சனி, ஞாயிறு ராத்திரி அசிட்ரோமை மட்டும் வழக்கம்போல் கொடுத்தேன். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

திங்கள் காலை அம்மாவால் எழுந்து உட்கார முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல், கை கால் எல்லாம் துவண்டு கிடந்தது. உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது என்று பயந்து, கார் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே காத்திருந்த நேரத்தை என்னால் மறக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் பிரஷர் 80-க்கு 50. டாக்டர் முதலில் கேட்டதே "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்றுதான். வலி மாத்திரை என்றேன். பேர்? தெரியாது. ஐஎன்ஆர் நோட்டையும் வீட்டிலேயே விட்டுவந்திருந்தேன். தம்பிக்குப் போன் போட்டுக் கடைக்குப் போகச் சொன்னேன். "சாதாரண வலி மாத்திரதாண்ணே, கூட ஒரு சத்து மாத்திர" என்று சொன்னாராம் கடைக்காரர். பில் கிடையாது, பேர் கிடையாது. இன்னும் அழுத்திக் கேட்டதற்கு "நான் குடுக்கவே இல்ல" என்று ஒரே போடு.

வார்டு சிஸ்டர்தான், "அம்மாவோட பொருள எல்லாம் எடுத்து வச்சுக்குங்க" என்று இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். வெற்றிலை, சீவல், சில்லறைக்கு நடுவே இரண்டு துண்டு அட்டை. ஒன்றில் டைக்ளோஃபினாக் என்று வலி மாத்திரையின் முழுப்பேரும் இருந்தது. இன்னொன்றில் கத்தரி விழுந்த இடம்வரை "டெக்ஸாமெ" என்று ஆங்கில எழுத்துகள். அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் பார்த்ததும், "இதத்தான் தேடிட்டிருந்தேன்" என்றார். அந்த வாரம் எனக்கு மூச்சு வந்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான். பையில் பேரில்லாமல் உதிரியாகக் கிடந்த ரோஸ் மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு, நிறத்தை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்று சிஸ்டர் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அதில் 0.75 மில்லிகிராம், பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டில் 5 மில்லிகிராமுக்குச் சமம் என்றார்கள். பார்க்கத்தான் குட்டி மாத்திரை. நம் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் இந்த வகை ஹார்மோனைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் அது வேலையை நிறுத்திக்கொள்ளும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடனே எழுந்து வேலை செய்ய அதற்குத் தெரியாது. பிரஷர் இறங்கியதும் வாந்தியும் அதனால்தான். நான் எருக்குழியில் கொட்டியதன் பலன். அந்த ஹார்மோனுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அம்மா கண்ணைத் திறந்து காபி கேட்டாள்.

ரத்தம் கசிந்ததற்குக் காரணம் வேறு. ஐஎன்ஆர் 6.8 இருந்தது. ஸ்டீராய்டு சேரும்போது அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி மாத்திரைகளின் வேகம் கூடலாம். டைக்ளோஃபினாக் வயிற்றுப் புண்ணைக் கிளப்பும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். மூன்றும் ஒரே வயிற்றில் போயிருக்கின்றன. மலம் கறுப்பாகப் போனதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நல்லவேளை, போகவில்லை.

ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே கொடுத்தால் ஐஎன்ஆர் இறங்கிவிடுமே என்று கேட்டேன். உலோக வால்வு உள்ளவர்களுக்கு அதைத் தாராளமாகக் கொடுத்தால் ரத்தம் கட்டி வால்விலேயே அடைத்துக்கொள்ளலாம் என்று, இரண்டு ராத்திரி அசிட்ரோமை மட்டும் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் 3.4.

அந்த 48 விநாடித் தாளையும் சிஸ்டரிடம் காட்டினேன். லேப்பில் ஊற்றும் ரசாயனத்துக்கு ஐஎஸ்ஐ என்று ஒரு எண் உண்டாம். அது 1 என்றால் இதே 48 விநாடிக்கு ஐஎன்ஆர் 3.7 வரும், 1.4 என்றால் 6.2 வரும். ஒன்றில் கொஞ்சம்தான் கூடுதல், இன்னொன்றில் ஆபத்து. அதனால் ரத்தம் கொடுக்கும் முன்பே "ஐஎன்ஆர் போட்டுத் தருவீங்களா" என்று கேட்டுவிடுங்கள். நீல மூடிக் குழாயில் கோடுவரை ரத்தம் நிரம்புகிறதா என்றும் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க உள்ளே ஊற்றியிருக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு. குறைவாக எடுத்தால் எண் பொய்யாக ஏறும். முடிந்தவரை ஒரே லேப்புக்குப் போங்கள்.

சிஸ்டர் சொன்ன மற்றவற்றையும் எழுதிவிடுகிறேன், அவரைப்போல் பொறுமையாகச் சொன்னவர்கள் இந்த ஒன்பது வருஷத்தில் யாருமில்லை. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இடுப்பு ஊசி போடும் முன் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், சதைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், மறுநாள் இரண்டாகப் போடவே கூடாது. தலையில் அடிபட்டால் வெளியே காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு எவ்வளவோ அதே அளவு. வீட்டுக்கு வந்ததும் சித்தி, ரத்தம் ஊறட்டும் என்று தினம் முருங்கைக்கீரை கொண்டுவந்தார். அதில் வைட்டமின் கே அதிகம், ஐஎன்ஆர் சரிந்துவிடும் என்று சொல்லி, பழையபடி வாரம் இரண்டு நாளோடு நிறுத்தினேன்.

இப்போது பிரெட்னிசோலோனைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். காலையில் சாப்பிட்ட பிறகுதான். ஆஸ்பத்திரியில் சர்க்கரை 240 வரை ஏறியதால் அதையும் பார்க்கிறோம். ஸ்டீராய்டு குறையக் குறைய ஐஎன்ஆரும் மாறும் என்பதால் மாதத்துக்குப் பதில் வாரம் ஒரு டெஸ்ட். நேற்று 2.9.

முழங்கால் வலி திரும்ப வந்துவிட்டது. அதற்கு வேறு வழி சொல்லியிருக்கிறார்கள். அம்மா முனகுகிறாள், ஆனால் கடைத்தெருப் பக்கம் போவதில்லை. எல்லா மாத்திரையின் பேரையும் கொட்டை எழுத்தில் எழுதி, மடித்து, சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.