சால்மன் குஞ்சுக்கு ஒரு கண்ணாடி ஓடு

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கடலோர நடைபாதையில் போனால் காலுக்கடியில் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் கட்டிகள் பதித்திருக்கும். அலங்காரம் என்றுதான் நினைத்தேன். ஓட்டு வீட்டில் அடுப்படி இருட்டாக இருக்கிறதென்று கூரையில் ஒரு கண்ணாடி ஓடு வைப்பார்களே, அதே வேலைதான் இது. என்ன, வெளிச்சம் போவது கீழே நீந்தும் சால்மன் மீன் குஞ்சுகளுக்கு!

ஆற்றில் பிறந்து கடலுக்குக் கிளம்பும் குஞ்சுகள் கரையை ஒட்டி, ஆழமில்லாத தண்ணீரில்தான் போகும். தீனி அங்கேதான், பெரிய மீன்களின் தொல்லையும் குறைவு. நகரக் கரையிலோ ஆழமில்லாத தண்ணீரே இல்லாமல் போயிருந்தது, செங்குத்தான தடுப்புச் சுவரும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய மேடைகளான பியர்கள் வரிசையாகவும்தான். பியருக்கு அடியில் கும்மிருட்டு. நிழலின் ஓரத்துக்கு வந்ததும் குஞ்சு தயங்கி நிற்கும், இல்லாவிட்டால் பியரைச் சுற்றி ஆழத்துக்குப் போய் எதன் வாயிலாவது விழும்.

கரையில் முன்பு இருந்த பழைய தடுப்புச் சுவரின் கதை இன்னும் வேடிக்கை. 1916 முதல் 1934 வரை கட்டியது. பின்னால் தாங்கி நின்றது மரச்சட்டங்கள். அந்த மரத்தை கிரிபிள் என்ற பொடிப்பூச்சி, நண்டு இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், கடலின் கரையான் என்றே சொல்லலாம், பல்லாண்டாகத் தின்று தீர்த்துவிட்டது. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு பயம் பிடித்தது. 2012-இல் நகர மக்கள் 29 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள், 2017-இல் புதுச் சுவர் எழுந்தது. கடல் உயிர் தின்ற சுவருக்குப் பதிலாகக் கடல் உயிருக்கும் இடம் விட்டு ஒரு சுவர்.

கண்ணாடி அதில் ஒரு பகுதிதான். சுவரடியில் கற்கள் நிரப்பிய மெத்தைகளைப் போட்டுத் தரையை உயர்த்தி, தொலைந்துபோன ஆழமில்லாத கரையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்கூட்டியே பழைய சுவரில் விதவிதமான பலகைகளை மாட்டி எதில் என்ன ஒட்டுகிறது என்று பார்த்த பிறகுதான், புதுச் சுவரின் முகத்துக்கு மேடுபள்ளமும் திட்டுகளும் வைத்தார்கள். பாசி பிடிக்கும், அதில் குஞ்சுகள் தின்னும் சிற்றுயிர்கள் சேரும்.

எல்லோரும் கண்ணாடியைத்தான் படம் எடுக்கிறார்கள், எனக்குப் பிடித்தது அந்தச் சொரசொரப்புதான். சுவரை எப்படியும் வார்த்தாக வேண்டும், அச்சைக் கொஞ்சம் மாற்றினார்கள், அவ்வளவுதான்.